எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் சார்...

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச், ஏப்ரல் வந்தால் வங்கிக்காரன் வீட்டிலேயே தங்கமணியிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கித்தான் பேச வேண்டும், உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்த விஷயத்தை எழுதாமல் விட்டால் மனசு ஆறாது. கொஞ்சம் நீளமான பதிவு. சரித்திரம் வரும், கணக்கும் வரும். பி.காம். படித்தவன் எழுதும் சரித்திரம் என்பதால் தேதியை விடத் தொகை அதிகம் இருக்கும், பொறுத்தருள்க :-)

எங்கள் கிளை இருப்பது பெங்களூர் பீன்யாவில். தெரியாதவர்களுக்கு: தும்கூர் ரோட்டில் யஷ்வந்த்பூர் தாண்டினால் வரும் தொழிற்பேட்டை. லேத் பட்டறை, பவுடர் கோட்டிங், கார்மென்ட்ஸ், ஸ்ப்ரிங் கம்பெனி என்று தெருவுக்குத் தெரு இரும்பு வாசனை. 2014 மார்ச்சில் மெட்ரோ வந்தது, தூசி மட்டும் அப்படியே இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருவண்ணாமலை என்று நம் ஜனங்கள் இங்கே ஏராளம். கவுண்டரில் கன்னடத்தில் ஆரம்பிக்கும் பேச்சு இரண்டாவது வாக்கியத்தில் "நீங்க தமிழா சார்?" என்று திரும்பிவிடும்.

எங்கள் கிளையைக் கூட்டித் துடைத்து, பதினொரு மணிக்கு டீ வாங்கி வரும் அம்மா கிருஷ்ணகிரிப் பக்கம். வீட்டுக்காரர் ஒரு லேத் பட்டறையில் வேலை. பெரியவன் பையன், அடுத்தது பெண். 2025 ஏப்ரலில் ஒரு நாள் டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என்னம்மா?"

"பையன் எட்டாவது முடிச்சிட்டான் சார். ஒம்பதாவதுக்கு பீஸ் கட்டணுமாம். ஸ்கூல் லோன் கெடைக்குமா சார்?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "அவன் ஃப்ரீ சீட்தானேம்மா?"

"அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் சார்."

சுருக்கென்றது. ஏனென்றால் அந்த ஃப்ரீ சீட்டுக்கு 2017-ல் ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான். லாட்டரியில் பெயர் வந்த அன்று கிளை முழுக்க மைசூர்பாக் கொடுத்தார் அந்த அம்மா. இரண்டு வருஷம் கழித்துப் பெண்ணுக்கு அதே விண்ணப்பம் போடலாம் என்று உட்கார்ந்தபோது அந்தப் பள்ளியின் பெயரே பட்டியலில் இல்லை. ஒரே வீடு, ஒரே வார்டு, ஒரே வருமானம். பையனுக்குத் தனியார் பள்ளி, பெண்ணுக்கு அரசுப் பள்ளி. நடுவில் மாறியது ஒரு விதி.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தவன் இருநூறு வருஷம் பின்னால் போய் நின்றேன். வாருங்கள்.

*

பெல்லாரி, 1823

"பள்ளிகள் போட்டி போடட்டும், பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும், நல்ல சரக்கு தானாக நிற்கும்" என்பது ஏதோ புதுசாக அமெரிக்காவிலிருந்து இறங்கிய யோசனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பித்ததே சந்தையில்தான். நம் தாத்தாக்களின் திண்ணைப் பள்ளிக்கூடம் வேறென்ன? வாத்தியார் திண்ணையில் உட்கார்வார், பெற்றோர் காசோ நெல்லோ கொடுப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருத் திண்ணை.

மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் எல்லா கலெக்டர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்: உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, என்ன கட்டணம், கணக்கெடுத்து அனுப்பு. (ஹெட் ஆபீஸ் ஸ்டேட்மென்ட் கேட்பது அன்றைக்கே இருந்திருக்கிறது.) பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823-ல் அனுப்பிய பதில் இதில் பிரசித்தம். பெல்லாரி இன்றைக்குக் கர்நாடகம், அன்றைக்கு மதராஸ் மாகாணம்.

அவர் கணக்கு: ஜனத்தொகை 9,27,857. பள்ளிகள் 533. பிள்ளைகள் 6,641. கன்னடப் பள்ளி 235, தெலுங்கு 226, மராத்தி 23, சமஸ்கிருதம் 23, பாரசீகம் 21, ஆங்கிலம் 1. தமிழ்ப் பள்ளி எத்தனை தெரியுமா? 4! அன்றைக்கே பெல்லாரியில் நம்மவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நான்கு பள்ளி வைத்திருந்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது.

கட்டணம் இன்னும் சுவாரசியம். பிள்ளைக்கு மாதம் கால் ரூபாய். காகிதத்தில் எழுதவும் பெரிய கணக்குப் போடவும் முன்னேறினால் அரை ரூபாய். அதாவது பேசிக் பிளான், பிரீமியம் பிளான் எல்லாம் அப்போதே உண்டு :-)

ஆனால் அடுத்த வரிகளைப் படித்தால் சிரிப்பு நின்றுவிடும். ஆயிரம் பேருக்கு ஏழு பிள்ளை அளவுதான் தேறியது. பெண் பிள்ளைகள் 60 பேர்தான். முன்பு பள்ளி இருந்த பல கிராமங்களில் இப்போது பள்ளியே இல்லை, காரணம் ஜனங்களின் வறுமை என்று காம்ப்பெல்லே எழுதுகிறார். கால் ரூபாய் கொடுக்க முடியாதவன் பிள்ளையை அனுப்பவில்லை. பிள்ளை குறைந்ததும் வாத்தியார் திண்ணையைக் காலி செய்தார்.

மாகாணம் முழுவதற்குமான கணக்கை வைத்து மன்றோ 1826 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள், ஜனத்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை, இந்த வருமானத்துக்குத் தகுதியான ஆள் வரமாட்டான் என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் கலெக்டரேட் பள்ளி வாத்தியாருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தாரி பள்ளி வாத்தியாருக்கு 9 ரூபாய் சர்க்கார் தரலாம் என்று திட்டம் போட்டார். அடுத்த வருஷமே மன்றோ காலராவில் போய்விட்டார். திட்டமும் பெரிதாக வளரவில்லை.

சந்தை வேலை செய்யவில்லை என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். கையில் கால் ரூபாய் இருந்தவனுக்கு நன்றாகவே வேலை செய்தது. கன்னடக்காரனுக்குக் கன்னடப் பள்ளி, தமிழனுக்குத் தமிழ்ப் பள்ளி என்று எந்த உத்தரவும் இல்லாமல் தானாக அமைந்தது. கால் ரூபாய் இல்லாதவன் அந்தச் சந்தையின் கணக்கில் வரவேயில்லை, அவ்வளவுதான்.

*

ஜூலை 19

வங்கிக்காரர்களுக்கு ஜூலை 19 மறக்காது. 1969-ல் அன்றைக்குத்தான் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. ஆச்சரியம் என்னவென்றால், 1854-ல் அதே ஜூலை 19 தேதியிட்டுத்தான் சார்லஸ் வுட்டின் கல்விக் கடிதம் லண்டனிலிருந்து கிளம்பியது. எல்லாப் பள்ளியையும் சர்க்காரே நடத்த முடியாது, நல்லபடி நடத்தும் தனியாருக்கு மானியம் கொடுப்போம் என்றது அது. 'எய்டட் ஸ்கூல்' பிறந்த கதை இதுதான்.

மானியம் கொடுத்தால் பிள்ளை படிக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் 1862-ல் ராபர்ட் லோ கொண்டு வந்தது, பிறகு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது: இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார், தேறிய பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று மானியம். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால் டார்கெட், இன்சென்டிவ். இன்சூரன்ஸ் பாலிசி விற்றால் ஊக்கத்தொகை என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே வாத்தியார்களும் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் எதைக் கேட்பாரோ அதை மட்டும் மனப்பாடம். கடைசியில் கர்சன் காலத்தில், 1904 கல்வித் தீர்மானத்தில், இந்த முறை ஆகாது என்று கைவிடும் முடிவுக்கு வந்தார்கள்.

நான் படித்ததும் எய்டட் ஸ்கூல்தான். எனக்கு விருதுநகர். எங்கள் ஊரில் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளி நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்த கதையை எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி நடந்த பள்ளி. அந்த ஊரிலிருந்து போனவர் 1956-ல் மதிய உணவைக் கொண்டு வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சர்க்கார் சம்பளம், ஊர் நிர்வாகம், பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. இதைச் சந்தை என்பதா, அரசாங்கம் என்பதா? இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று. பீன்யாவுக்கு வந்த நம்மிடம் அது இல்லை. இங்கே நமக்கு மகமையும் கிடையாது, பிடி அரிசியும் கிடையாது. வாடகை வீடும் ஒரு ஆதாரும்தான்.

*

வவுச்சர் வந்த கதை

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1955-ல் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் ஒரு கட்டுரை எழுதினார். சர்க்கார் பள்ளி நடத்த வேண்டியதில்லை, பள்ளிச் செலவுக்கான தொகையைப் பெற்றோரிடமே கொடுத்துவிடு, அவர்கள் பிடித்த பள்ளியில் கட்டட்டும் என்றார்.

1981-ல் சிலி நாட்டில் பினோசே ஆட்சி இதை நாடு முழுக்க அமல்படுத்தியது. 1992-ல் ஸ்வீடனும் தன் வழியில் செய்தது. சிலியில் தனியார் பள்ளிகள் பெருகின. ஆனால் பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தன, மேல்தொகையும் கேட்டன. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நினைத்தால், பள்ளி பெற்றோரைத் தேர்ந்தெடுத்தது. 2006-ல் பள்ளிப் பிள்ளைகளே தெருவுக்கு வந்து போராடினார்கள். 2015-ல் சட்டம் போட்டு மானியம் வாங்கும் பள்ளிகளில் லாபம், பொறுக்குதல், மேல்தொகை மூன்றையும் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தார்கள். ஸ்வீடனில் 2013-ல் ஒரு பெரிய பள்ளிக் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு பள்ளி தேடும் நிலைமை வந்தது. வங்கி மூழ்கினால் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. எட்டாவது படிக்கும் பிள்ளையின் பாதி வருஷத்துக்கு யார் இன்சூரன்ஸ் தருவார்?

நம் பக்கத்திலும் ஒரு நல்ல சோதனை நடந்தது. ஒன்றுபட்ட ஆந்திராவில் 2008-ல் தொடங்கி, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்து நான்கு வருஷம் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் 2015-ல் வெளியிட்ட முடிவு இரண்டு கட்சிக்காரர்களுக்குமே சங்கடம். தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விட மேலாக இல்லை. ஹிந்தியில் மட்டும் நல்ல முன்னேற்றம். ஆனால் தனியார் பள்ளி இதைச் செய்தது அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக. "தனியார்தான் ஒசத்தி" என்பவரும் வாயை மூட வேண்டும், "அரசுப் பள்ளியில் பணம் சரியாகத்தான் செலவாகிறது" என்பவரும் வாயை மூட வேண்டும்.

*

2014 மே 6

கர்நாடகத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இந்தத் தேதி முக்கியம்.

1994 ஏப்ரலில் கர்நாடக அரசு ஒரு உத்தரவு போட்டது: நான்காம் வகுப்பு வரை தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் பாடம் நடத்த வேண்டும். தனியார் பள்ளிகள் கோர்ட்டுக்குப் போயின. பல பள்ளிகள் காகிதத்தில் கன்னட மீடியம் என்று அனுமதி வாங்கி வகுப்பில் இங்கிலீஷ் மீடியம் நடத்தின. 2008 ஜூலையில் ஹைகோர்ட் அந்த உத்தரவு தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 2014 மே 6 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது: எந்த மொழியில் படிப்பது என்பது பிள்ளை சார்பில் பெற்றோர் எடுக்கும் முடிவு, அரசு திணிக்க முடியாது.

அதே நாள், அதே அமர்வு, இன்னொரு தீர்ப்பும் சொன்னது. கட்டாயக் கல்விச் சட்டம் செல்லும், ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று. ஒரே நாளில் பெற்றோருக்குத் தேர்வு கூடியது, ஏழைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கக்கூடிய பள்ளிகளின் பட்டியல் சுருங்கியது. இரண்டும் சட்டப்படி சரியான காரணத்தோடுதான். ஆனாலும் இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெல்லாரியின் கால் ரூபாய் ஞாபகத்துக்கு வருகிறது.

*

25 சதவீதம்

கட்டாயக் கல்விச் சட்டம், நாம் ஆர்.டி.இ. என்று சொல்வது, 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ல் அமலானது. அதன் 12-வது பிரிவில் ஒரு ஷரத்து: மானியம் வாங்காத தனியார் பள்ளியும் முதல் வகுப்பில் நான்கில் ஒரு இடத்தை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். படிப்பை எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசமாகத் தர வேண்டும். அரசு பள்ளிக்குப் பணம் தரும். எவ்வளவு? அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு அல்லது அந்தப் பள்ளியின் கட்டணம், எது குறைவோ அது. ("எது குறைவோ அது" என்ற மூன்று வார்த்தை இல்லாமல் வங்கியில் ஒரு சர்க்குலரும் வராது. எனக்கு உடனே சொந்தம் கொண்டாடத் தோன்றியது.) கர்நாடகத்தில் 2012-ல் இந்த உச்சவரம்பு 11,848 ரூபாய், பிறகு 16,000 ஆனது.

எங்கள் தொழிலில் இதற்கு நேர் சமமான ஒன்று உண்டு. முன்னுரிமைக் கடன். பெரிய வணிக வங்கி எதுவானாலும் கடனில் 40 சதவீதம் விவசாயம், சிறுதொழில், ஏழைகள் என்று போக வேண்டும். 1990-களில் புதிய தனியார் வங்கிகள் வந்தபோது நல்ல கஸ்டமர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பென்ஷன் தாத்தாவும் பாட்டியும் எங்களிடமே நின்றார்கள். போட்டியால் எங்கள் க்யூ குறைந்தது, கம்ப்யூட்டர் வந்தது, நாங்கள் கஸ்டமரைப் பார்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொண்டோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 40 சதவீதச் சட்டம் இல்லாவிட்டால் பீன்யா லேத் பட்டறைக்கு ஒருத்தனும் கடன் கொடுத்திருக்க மாட்டான். போட்டியும் வேண்டும், கட்டாயமும் வேண்டும். என் இருபது வருஷ சர்வீஸில் கற்றது இதுதான்.

அந்த அம்மாவுக்கு 2017-ல் விண்ணப்பம் போட்ட கதைக்கு வருகிறேன். நம் ஊர் சாதிச் சான்றிதழ் இங்கே சலுகைக்குச் செல்லாது, உங்களில் பலருக்கு அனுபவம் இருக்கும். வருமானச் சான்றிதழ் வாங்க நாடகச்சேரிக்குப் போகச் சொன்னேன். "நாடகம் பாக்க எதுக்கு சார்?" என்று கேட்டார். கன்னடத்தில் நாட்டுக் கச்சேரி, நம்ம ஊர் ரெவின்யூ ஆபீஸ். அங்கே சான்றிதழோடு தரும் எண்ணுக்குப் பெயர் ஆர்.டி. நம்பர். வங்கியில் ஆர்.டி. என்றால் ரெக்கரிங் டெபாசிட். "ரெண்டு ஆர்.டி.யும் எனக்கு இல்ல சார்" என்றார் அந்த அம்மா. முதல் ஆர்.டி. மூன்று நடையில் கிடைத்தது.

பையன் சேர்ந்தான். பள்ளி கட்டணம் கேட்கவில்லை, ஆனால் யூனிஃபார்ம், புத்தகம், 'ஆக்டிவிட்டி' என்று வருஷா வருஷம் ஏதோ ஒன்று வந்தது. அந்த அம்மா சீட்டுப் பிடித்துக் கட்டினார்.

2019 ஜனவரியில் அரசு விதியை மாற்றியது. அக்கம்பக்கத்தில் அரசுப் பள்ளியோ எய்டட் பள்ளியோ இருந்தால், அங்கே உள்ள தனியார் பள்ளிக்கு இந்த 25 சதவீதம் கிடையாது. அரசு சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. வருஷா வருஷம் கோடிக்கணக்கில் தனியார் பள்ளிக்குப் பணம் போகிறது, பக்கத்து அரசுப் பள்ளியில் பெஞ்சு காலியாகிறது, கடைசியில் பள்ளியை மூட வேண்டியதாகிறது. நம் பணத்தில் நம் பள்ளிக்கே பூட்டா என்பது நியாயமான கேள்விதான். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2019 மே மாதம் கர்நாடக ஹைகோர்ட் விதி செல்லும் என்றது. அதற்கு முன் மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த இலவச இடங்கள் ஒரே வருஷத்தில் இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கின. பெங்களூரில் எந்த வார்டில்தான் ஒரு அரசுப் பள்ளி இல்லை?

இதில் வேடிக்கை, 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரா இதே மாதிரி ஒரு விதி கொண்டு வந்தது. ஜூலையில் பம்பாய் ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட்டும் தலையிடவில்லை. ஒரே மத்தியச் சட்டம். புனேயில் லேத் ஓட்டுபவர் பிள்ளைக்கு ஒரு நியாயம், பீன்யாவில் ஓட்டுபவர் பிள்ளைக்கு ஒரு நியாயம்.

*

தோடு

சரி, 2025 ஏப்ரலுக்குத் திரும்புவோம். ஒன்பதாம் வகுப்புக் கட்டணம் நாற்பத்தைந்தாயிரம். எங்கள் வங்கியின் கல்விக் கடன் பிளஸ் டூவுக்குப் பிறகான படிப்புக்குத்தான். எனக்குக் கூசியது. எட்டு வருஷம் முன்னால் விண்ணப்பம் போட்டபோது சட்டத்தைப் படித்திருந்தால், "எட்டாவதோடு நின்றுவிடும், அதற்குள் சேர்த்து வை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லோன் கேட்டு வருபவனிடம் இருபது வருஷத் தவணை அட்டவணையைக் காட்டும் நான், இதில் முதல் தவணையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"பக்கத்து கவர்மென்ட் ஹைஸ்கூல்ல சேர்க்கலாமேம்மா?" என்றேன்.

"அழுவுறான் சார். ஃப்ரெண்டு எல்லாம் அங்கதான். எட்டு வருஷம் படிச்ச எடம்."

சந்தைப் பாடப் புத்தகத்தில் இது இல்லை. சோப்பு பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு சோப்பு. பதின்மூன்று வயசுப் பையனை அப்படி மாற்ற முடியுமா?

மறுநாள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார், நகைக் கடனுக்கு. கிளையில் கன்னட விண்ணப்பம்தான் கையில் இருந்தது. ஆறாவது முடித்த அந்தப் பெண் அதை மடமடவென்று படித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னது. வட்டி எவ்வளவு, எத்தனை மாதம், கட்டாவிட்டால் என்ன ஆகும், எல்லாம். அண்ணன் இங்கிலீஷ் மீடியம், கன்னடம் இரண்டாவது மொழி, விண்ணப்பம் என்றால் ஓடிவிடுவானாம். தங்கைக்கு அரசுப் பள்ளியில் கன்னடம் தண்ணீர் பட்டபாடு. பாலும் முட்டையும் மதியச் சாப்பாடும் பள்ளியிலேயே. வீட்டில் நாடகச்சேரிக்கும் ரேஷன் கடைக்கும் போய்ப் பேசுவது அவள்தானாம்.

மதிப்பீட்டாளர் எடை போட்டார். ஒரு சின்ன சங்கிலி, ஒரு ஜோடித் தோடு. தோட்டைப் பார்த்ததும் அந்தப் பெண் சொன்னது:

"அது என்னோடதும்மா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அன்றைக்கு டீ குடிக்கப் பிடிக்கவில்லை.

என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறாள். தங்கமணியும் நானும் ஆறு பள்ளி ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தோம். அதற்காக யார் தோட்டையும் அடகு வைக்கவில்லை. தேர்வு என்ற வார்த்தைக்கு என் வீட்டில் ஒரு அர்த்தம், அந்த வீட்டில் வேறு அர்த்தம். பெல்லாரியில் பிரீமியம் கட்டணம் அரை ரூபாய். பீன்யாவில் ஒரு ஜோடித் தோடு. இரண்டு ஊரிலும் கணக்கில் வராமல் நின்றது பெண் பிள்ளைதான்.

அரசுப் பள்ளி மட்டும் போதும், தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டி வந்த பிறகுதானே கர்நாடக அரசே 2019-ல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவு ஆரம்பித்தது? பெற்றோர் காலால் ஓட்டுப் போட்டதன் பலன் அது. ஆனால் தேர்வைக் கொடுப்பதானால் பாதியில் பிடுங்காத தேர்வாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாது என்றால், பக்கத்து அரசுப் பள்ளியை அந்தப் பையன் அழாமல் போகிற மாதிரி வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது செய்யாமல், காலி பெஞ்சை நிரப்ப ஏழைப் பிள்ளையை மட்டும் விதி போட்டு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக, வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம் ஜனங்களுக்கு ஒரு வங்கிக்காரனின் மூன்று வார்த்தை. இலவச இடத்தில் பிள்ளை சேர்ந்திருந்தால் எட்டாம் வகுப்போடு முடியும் என்று இன்றைக்கே காலண்டரில் எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்புக் கட்டணம் எவ்வளவு என்று முதல் வகுப்பிலேயே கேளுங்கள். ஐநூறோ ஆயிரமோ, மாதம் ஒரு தொகை போட்டு வாருங்கள்.

ஜூனில் அந்த அம்மா என் மேஜைக்கு வந்து ஐநூறு ரூபாய் வைத்தார். பெண் பேரில் ரெக்கரிங் டெபாசிட். விண்ணப்பத்தை நிரப்பியது அந்தப் பெண்ணேதான், கன்னடத்தில். 'நோக்கம்' என்ற இடத்தில் படிப்பு என்று எழுதியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். "கிவி ஓலை" என்று எழுதியிருந்தது.

தோடு என்று அர்த்தம்.